கண்ணால் வரும் கேள்வி

காதுகேளாத பிள்ளைகளுக்கான கோடை முகாம்களுக்கு ஊழியப் பயணம் போகத் தயாராகும் சபைக் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் வாலிபர் குழுவில் 14 பேர். ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது. முகாமுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் கற்றுக்கொள்ள முடியுமா?

பேசும் அளவுக்கு முடியாது. வாரம் இரண்டு மணி நேரம் என்று எட்டு வாரம் உட்கார்ந்தாலும் மொத்தம் 16 மணி நேரம்தான். அதற்குள் எந்த மொழிதான் வந்துவிடும்? ஆனால் 80 முதல் 100 சைகைகளைத் தடுமாறாமல் காட்டவும், மற்றவர் காட்டும்போது கண்டுபிடிக்கவும் அது போதும். இரண்டாவதுதான் கடினம். பயிற்சியில் பாதி நேரத்தை அதற்கே கொடுங்கள்.

எந்த நூறு என்பதில்தான் பல குழுக்கள் கோட்டைவிடுகின்றன. விரலால் எழுத்துக் காட்டும் அகரவரிசையிலேயே முதல் மூன்று வாரம் போய்விடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத எட்டு வயதுப் பிள்ளைக்கு விரலெழுத்தால் என்ன பயன்? தண்ணீர், பசி, கழிப்பறை, வலி, எங்கே, யார், பயம், நில், வா, காத்திரு, முடிந்தது, நாளை, வீடு, அம்மா, மன்னித்துவிடு. இவற்றில் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘எனக்குப் புரியவில்லை, மறுபடியும் காட்டு’ என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். அதைக் கூச்சமில்லாமல் நாளைக்கு நாற்பது முறை காட்டுகிறவரைப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும்.

முகத்தையும் பழக்க வேண்டும். பல சைகை மொழிகளில் ‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும்போது புருவம் மேலே போகும். ‘யார், எங்கே, ஏன்’ என்று கேட்கும்போது நெற்றி சுருங்கும். முகம் அசையாமல் கை மட்டும் ஆடினால், நீங்கள் கேட்கிறீர்களா சொல்கிறீர்களா என்பதே தெரியாது. கற்றுத்தருபவர் நீங்கள் போகிற நாட்டின் காதுகேளாதவராக இருக்கட்டும். வீடியோ அழைப்பே போதும்.

இன்னொன்று, 14 பேர் அதிகம். 30 பிள்ளைகள் உள்ள முகாமுக்குச் சைகை தெரியாத 14 பேர் போனால், இரண்டாம் நாளே தங்களுக்குள் வாயால் பேசிச் சிரிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சிரிப்பைச் சுற்றி நிற்கிற பிள்ளைகள் வாய்க்கு வாய் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தினமும் நடப்பதும் அதுதான். முகாமிலும் அதுவே என்றால் எதற்கு முகாம்? ஐந்தாறு பேர் போங்கள். காதுகேளாதவர் ஒருவர் கண்ணில் பட்டாலும் குரலை நிறுத்திவிட்டுக் கையில் பேசுவது என்று கட்டாய விதி வையுங்கள். சைகை வரவில்லையென்றால் நடித்துக் காட்டலாம், படம் வரையலாம்.

சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே? எங்களில் இருவருக்கு அமெரிக்க சைகை மொழி கொஞ்சம் தெரியும்.

ஒன்றல்ல. உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருப்பதாக ஐ.நா. சொல்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசுவது ஆங்கிலம்தான், சைகை மொழியோ முற்றிலும் வேறு. அமெரிக்கர் ஒரு கையால் எழுத்துக் காட்டுவார், பிரிட்டிஷார் இரு கையால். அமெரிக்க சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சு சைகை மொழியோடுதான். பாரிஸில் 1760 வாக்கில் தெ லெப்பே என்ற பாதிரியார் தொடங்கிய பள்ளியில் உருவான ஆசிரியர் லோரான் கிளெர்க். அவரைப் போதகர் தாமஸ் காலடெட் அழைத்துவந்து 1817-ல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கினார். அங்கே வேர்விட்டதுதான் இன்றைய அமெரிக்க சைகை மொழி.

ஊழியத்தோடு மொழியும் பயணப்படும் என்பதற்கு ஆண்ட்ரூ ஃபாஸ்டர் நல்ல உதாரணம். 11 வயதில் கேட்கும் திறனை இழந்த கறுப்பின அமெரிக்கர் அவர். 1954-ல் காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் பட்டம் பெற்று, 1957-ல் கானாவில் பள்ளி தொடங்கினார். 1987-ல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் ஆப்பிரிக்காவின் 13 நாடுகளில் 32 பள்ளிகள் எழக் காரணமாக இருந்தார். பள்ளியே இல்லாத இடங்களில் பள்ளி வந்தது. அதே சமயம், மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்று புழங்கும் சைகை மொழிகளில் அமெரிக்க சைகை மொழியின் அச்சு ஆழமாக விழுந்திருப்பதும் அதனால்தான். அங்கே முன்பே இருந்த உள்ளூர்ச் சைகைகள் பலவற்றை அது ஓரங்கட்டியது என்ற விமர்சனமும் உண்டு.

ஆகவே உங்கள் இருவரும் தங்களுக்குத் தெரிந்ததை அங்கே கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒரு பொருளுக்கு உள்ளூர்ச் சைகை என்ன என்று கேட்டு, அதையே காட்டட்டும். ஒரு சைகை மொழி ஏற்கெனவே தெரிந்தவருக்கு இன்னொன்று சீக்கிரம் பிடிபடும். அந்த அனுகூலம் போதும். வீடியோ வேதாகமத்துக்கும் இதே எச்சரிக்கைதான். அமெரிக்க சைகை மொழியில் முழு வேதாகமமும் 2020-ல் முடிந்தது, பெரிய சாதனை. அதற்காக வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்காட்டினால் புரியாது. உள்ளூர்ச் சைகையில் என்னென்ன பகுதிகள் வந்திருக்கின்றன என்று விசாரித்து, புறப்படும் முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். முகாம்களில் இணையத்தை நம்ப முடியாது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். போதும்தானே?

ஒருவர் என்றால் இரண்டாம் நாள் மாலைக்குள் அவர் கை சோர்ந்துவிடும், அதற்கு முன்பே மூளை சோர்ந்திருக்கும். தொடர்ந்து செய்யும்போது 20 நிமிடம் தாண்டினால் பிழைகள் கூடும், செய்பவருக்கே அது தெரியாது. அதனால்தான் இருவர் உட்கார்ந்து, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கை ஓய்ந்திருப்பவர் சும்மா இருப்பதில்லை; விட்டுப்போன பெயரையும் எண்ணையும் மற்றவருக்கு எடுத்துக்கொடுப்பார். காலை முதல் இரவு வரை ஓடும் முகாமுக்கு நான்கு பேர் வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் அவர்களை வேலை வாங்கக் கூடாது, அவர்களும் சாப்பிட வேண்டாமா?

வெளிநாட்டுக் குழு என்றால் சங்கிலி இன்னும் நீளம். போதகர் ஆங்கிலத்தில் பேசுவார், ஒருவர் உள்ளூர் மொழிக்கு மாற்றுவார், அடுத்தவர் அதைச் சைகைக்கு மாற்றுவார். 20 நிமிடச் செய்தி 40 நிமிடம் ஆகும். செய்தியை எழுதி ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ‘பாவம், பரிகாரம், பரிசுத்தம்’ என்று மூன்று ‘ப’ வைத்துப் பிரசங்கம் கட்டுகிற நம் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். மோனை காதுக்கு இனிமை, கைக்கு அது மூன்று தொடர்பில்லாத சைகைகள்.

மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. உடை ஒரே நிறமாக, தோலின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட்டதாக இருக்க வேண்டும். கோடு, பூ, பளபளக்கும் மோதிரம் எதுவும் வேண்டாம். நீங்கள் பேசும்போது பிள்ளையைப் பாருங்கள். ‘அவனிடம் பசிக்கிறதா என்று கேளுங்கள்’ என்று மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பிச் சொல்வது, பிள்ளை எதிரே இருக்கும்போதே அவனை இல்லாதவனாக்கும் பேச்சு.

இவ்வளவு சொன்னாலும் எங்கள் முதல் யோசனை வேறு. கதை சொல்ல, விளையாட்டு நடத்த, குழுக்களை வழிநடத்த உள்ளூர்க் காதுகேளாத பெரியவர்களையே வையுங்கள், கூலியும் கொடுங்கள். அப்போது மொழிபெயர்ப்பு தேவைப்படுவது பிள்ளைகளுக்கு அல்ல, உங்களுக்குத்தான்.

முகாம் என்றால் இரவில் தீமூட்டிச் சுற்றி உட்காராமல் எப்படி? பிள்ளைகளுக்குப் பிடிக்குமே.

பிடிக்கும். ஆனால் வழக்கமான வட்டம் இங்கே சரிப்படாது. நெருப்புக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரின் கை தழலுக்கும் புகைக்கும் பின்னால் மறைந்துவிடும். நெருப்புக்கு முதுகைக் காட்டி நிற்பவர் வெறும் நிழலாகத் தெரிவார், முகமே இருக்காது. ஓரத்தில் நிற்பவருக்கு வெளிச்சம் கீழிருந்து ஆடி ஆடி விழும். கை நகர்ந்ததா, நிழல் நகர்ந்ததா என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அடங்காத பிள்ளைகள் என்று அதைத் தவறாக எழுதிவைத்த அறிக்கைகளும் உண்டு!

இப்படிச் செய்யலாம். தீ சிறியதாக, ஒரு பக்கமாக இருக்கட்டும். பிள்ளைகள் குதிரை லாட வடிவில் இரண்டு வரிசை: முன்வரிசை தரையில், பின்வரிசை பலகையில். கடைசிப் பிள்ளைக்கும் சொல்பவருக்கும் நடுவே 8 மீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். சொல்பவருக்குப் பின்னால் ஒரு கருந்துணி கட்டுங்கள். அவருக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவர் முகத்தையும் மார்பையும் நோக்கி. பிள்ளைகள் கண்ணில் அடிக்கக் கூடாது. மின்சாரம் போனால் அந்த நொடியே அத்தனை பேருக்கும் பேச்சு நின்றுவிடும் என்பதால், சார்ஜ் ஏற்றிய விளக்குகள் இரண்டு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நெற்றியில் கட்டும் டார்ச் வேண்டவே வேண்டாம். யாரைப் பார்த்துப் பேசுகிறீர்களோ அவர் கண் கூசும், உங்கள் கையோ இருட்டில் கிடக்கும். கழுத்தில் தொங்கவிட்டு, வெளிச்சம் உங்கள் கைமேலேயே விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் கணக்கு இதேதான். வெளிச்சம் சொல்பவரின் முகத்தில், பார்ப்பவரின் முதுகில்.

இரவில் மட்டும் தடுமாறுகிற, படியில் இடறுகிற, பக்கவாட்டில் கையசைத்தால் கவனிக்காத பிள்ளை இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு பெற்றோரிடம் சொல்லுங்கள். அஷர் என்ற பரம்பரைக் குறைபாட்டில் கேளாமையோடு பார்வையும் மெல்லப் போகும். முதலில் போவது இருட்டுப் பார்வை. முகாம் இருட்டில்தான் அது முதன்முறையாகப் பிறர் கண்ணில் படக்கூடும். கண் மருத்துவரிடம் காட்டச் சொல்வதோடு நில்லுங்கள், நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம்.

ஜெபிக்கும்போது கண்ணை மூடச் சொல்லலாமா?

கண்ணை மூடினால் ஜெபம் யாருக்குத் தெரியும்? காதுகேளாதோர் சபைகளில் கண் திறந்துதான் ஜெபிப்பார்கள். வட்டமாகக் கைகோத்து நின்று ஜெபிப்பதையும் விட்டுவிடுங்கள். கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம். அன்பால் பிடித்தாலும் பொத்தியது பொத்தியதுதான்.

பாடல் நேரம்?

நீங்கள் கிட்டார் வாசித்துப் பாட, பாட்டுக்கு நான்கு சைகை சேர்ப்பதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பெரிய முரசு ஒன்றை மரத்தளத்தின் மேல் வைத்து, அதன் அதிர்வுக்கு ஏற்ப ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்ற கட்டில் தலைவர் ஒரு வரி காட்ட, மற்றவர்கள் திருப்பிக் காட்டுவது வேறு ரகம். அதைக் காதுகேளாத பெரியவர் ஒருவரே நடத்தட்டும்.

வேதாகமக் கதைகளை எப்படிச் சொல்வது? சில பிள்ளைகளுக்குச் சைகை மொழியே தெரியாது என்று முகாம் நடத்துபவர் எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியது உண்மை. காதுகேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. அம்மாவும் பிள்ளையுமாக உண்டாக்கிக்கொண்ட சில குறிப்புகளோடு பத்து வயதுவரை வளர்ந்துவிடுவார்கள். அறிவில் குறை ஒன்றும் கிடையாது, கொடுக்கப்படாதது மொழி. அந்தப் பிள்ளைக்கு உங்கள் முகாமின் முதல் பரிசு, சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பேசுவது கண்ணில் விழுவதுதான்.

கதைக்கு வருவோம். கடலில் புயல் அடங்கிய கதையை (மாற்கு 4) எடுத்துக்கொள்ளுங்கள். கடல், படகு, தூங்கும் இயேசு, அலை, பயந்த முகங்கள், அமைதி என்று ஆறு படங்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். சொல்பவர் முதலில் இடத்தை அமைக்கிறார். இரு கையையும் பரப்பி நீரை விரிக்கிறார். இரு உள்ளங்கையும் சேர்ந்து குழிந்து படகாகின்றன. படகின் பின்பக்கம் எது என்று காட்டிவிட்டு, அங்கே ஒருவர் தலைசாய்த்துத் தூங்குகிறார். பிறகுதான் காற்று. கன்னம் உப்புகிறது, கைப்படகு சாய்கிறது, சொல்பவரின் தோளும் கூடவே சாய்கிறது. இப்போது அவரே சீஷன். நீரை அள்ளி இறைக்கிறார், திரும்பிப் பார்க்கிறார், தூங்குபவரை உலுக்குகிறார். அடுத்த நொடி அவரே எழுந்து நிற்கும் இயேசு. ஒரு கை நீளுகிறது. அலையாக இருந்த கை மெல்லப் படிந்து, தட்டையாக, அசையாமல் நிற்கிறது. அந்த அசையாமையை மூன்று எண்ணும்வரை வைத்திருக்கத் தெரிந்தவர்தான் கதைசொல்லி.

இரண்டு முறை சொன்னபின் பிள்ளைகள் நடிக்கட்டும். பிறகு ஒரு பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். அங்கேதான் புரிந்ததா இல்லையா என்று தெரியும். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், தலையாட்டல் கிடைக்கும். புரியாதபோது தலையாட்டித் தப்புவது இந்தப் பிள்ளைகள் பள்ளியிலும் வீட்டிலும் பழகிக்கொண்ட வித்தை. ‘தூங்கியது யார்? எழுப்பியது யார்?’ என்று கேளுங்கள்.

உருவகங்களில் கவனம் வேண்டும். ‘இயேசு உன் இருதயத்துக்குள் வருவார்’ என்று படம் போட்டுக் காட்டினால், நெஞ்சுக்குள் ஒரு சின்ன மனிதர் நுழைவதாக எண்ணிப் பிள்ளை பயப்படும். ‘தேவ ஆட்டுக்குட்டி’ என்றால் ஆடுதான். கிருபை, நீதி போன்ற சொற்களை அகராதிச் சைகையால் காட்டுவதைவிட, ஊதாரி மகனின் தகப்பன் ஓடிவருவதைக் காட்டுவது மேல். இயேசு என்ற பெயருக்குப் பல நாட்டுச் சைகை மொழிகளில் நடுவிரலால் இரு உள்ளங்கையையும் மாறி மாறித் தொடுவார்கள், ஆணித்தழும்பு. உயிர்த்தெழுந்த கதையைச் சொல்லாதவரை அந்தச் சைகைக்கும் அர்த்தம் கிடைக்காது.

கடைசி இரவில் ‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்’ என்று கேட்டு, எத்தனை கை என்று எண்ணி ஊருக்கு எழுதுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்னால் ஒருவன் கை தூக்கினால் பின்னால் இருப்பவனும் தூக்குவான். என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் பார்த்துச் செய்வதே அவன் அன்றாடம். அந்த எண்ணிக்கைக்கு ஒரு பொருளும் இல்லை.

சத்தமாக, மெதுவாக, வாயைத் திறந்து பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களா?

கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’, ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரி அசையும். பேச்சொலிகளில் பெரும்பகுதி வாய்க்குள்ளேயே பிறப்பதால் உதட்டில் தெரிவது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் ஊகம். கத்தினால் உதடு கோணி, இருப்பதும் கெடும்.

பாதுகாப்பில் என்ன வித்தியாசம்?

விசில், மணி, ‘ஏய், நில்!’ மூன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு முழுத் திட்டத்தையும் மறுபடி பாருங்கள்.

இரவில் தீ என்றால் யார் யாரை எழுப்புவது? மின்னும் எச்சரிக்கை விளக்கோ, தலையணைக்குக் கீழே அதிரும் கருவியோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். எழுப்புகிறவர் முதலில் விளக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலை ஆட்டட்டும். இருட்டில் தோளைப் பிடித்து உலுக்கினால் பிள்ளை பதறும். முதல் நாளே வெளிச்சத்தில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

நீச்சலில்தான் ஆபத்து அதிகம். கேட்கும் கருவியும், அறுவைச் சிகிச்சையால் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட்டின் வெளிப்பகுதியும் நீருக்கு முன் கழற்றப்படும் என்பதால், கொஞ்சம் கேட்கும் பிள்ளைக்கும் அங்கே ஒன்றும் கேட்காது. கரையில் சிவப்புக்கொடி உயர்ந்தால் எல்லாரும் வெளியே என்பதை நீரில் இறங்கும் முன் மூன்று முறை பழக்குங்கள். கொடியைப் பார்க்காத பிள்ளையைத் தொட்டுத் திருப்ப நீருக்குள்ளேயே ஒரு பெரியவர் வேண்டும். பிள்ளைகள் இரண்டிரண்டு ஜோடியாக. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடி உயர்த்தி ஜோடிகளை எண்ணுங்கள். கேட்க முடிந்தவர்கள் ஒரு ஜோடியைத் தவறவிட்டால் கூப்பிட்டுத் தேடுவார்கள், இங்கே தேடல் முழுவதும் கண்ணால்தான். ஆகவே கலங்கிய குளமும் மாலை நேரமும் கூடாது. காதில் சீழ் வடிகிற பிள்ளையை மருத்துவர் சொல்லாமல் இறக்காதீர்கள்.

ஆள் கணக்குக்கு, இரவு தங்கும் முகாம்களுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வைத்திருக்கும் அளவைப் பின்பற்றலாம்: 6–8 வயதுக்கு ஆறு பேருக்கு ஒருவர், 9–14 வயதுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர், 15–18 வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர். சைகை தெரியாதவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள், ‘இது யாரிடம் சொல்லப்போகிறது’ என்று காதுகேளாத பிள்ளைகளையே தேடி வருவதுண்டு. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். புகார் கேட்பவர் சைகை தெரிந்த, உங்கள் குழுவைச் சேராத உள்ளூர்ப் பெண்ணாக இருப்பது நல்லது. உடல் உறுப்புகளுக்கும் ‘தொடாதே’ என்பதற்கும் சைகையை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள்.

பழைய கேட்கும் கருவிகளைச் சேகரித்து எடுத்துப்போகலாம் என்று இருக்கிறோம்.

மூக்குக்கண்ணாடியைக்கூட அப்படிக் கொடுக்க மாட்டோம். கருவியை அந்தப் பிள்ளையின் கேட்டல் அளவுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். கருவியைக் காதில் பொருத்தும் அச்சை அந்தக் காதுக்கென்றே வார்க்க வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு அது சீக்கிரமே சிறிதாகி, இடுக்கில் ஒலி கசிந்து கீச்சிடும். அளவுக்கு மீறிய ஒலி மிச்சமிருக்கும் கேட்டலையும் கெடுக்கும். அதன்பின் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்ததும் கருவி பெட்டிக்குள் போய்விடும். அங்கேயே இருந்து பார்க்க ஒரு கேட்டல் நிபுணர் இல்லையென்றால் இதில் கைவைக்காதீர்கள்.

ஏற்கெனவே கருவி அணிந்து வருகிற பிள்ளைகளுக்கு நீங்கள் உதவலாம். சிங்க்-ஏர் பேட்டரி அளவுக்கு ஒரு நிறம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். யாருக்கு எது என்று விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிவையுங்கள். ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றுப்பட்டு வேலை தொடங்கும். ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும், திரும்ப ஒட்டினாலும் தீர்வது நிற்காது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் கருவியை வையுங்கள். கோடை வியர்வைதான் அதற்குப் பெரிய எதிரி. பேட்டரியைச் சிறு பிள்ளை விழுங்கினால் உடனே மருத்துவமனை. புதியது, பழையது இரண்டையும் எண்ணிப் பூட்டிவையுங்கள்.

சுகமளிக்கும் ஜெபம் நடத்தலாமா? இயேசு செவிடனைச் சுகமாக்கினாரே.

மாற்கு 7-ஐ முழுக்கப் படியுங்கள். அவர் முதலில் செய்தது அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போனதுதான். பிறகு காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். எல்லாம் அந்த மனிதனின் கண்ணுக்குத் தெரிகிற செயல். ‘எப்பத்தா’ (திறக்கப்படு) என்ற சொல் அதற்கப்புறம்தான் வருகிறது.

முகாம்களில் நடப்பது நேர்மாறு. மேடைக்கு அழைத்து, காதில் கைவைத்து, முடிந்ததும் பின்னால் நின்று கைதட்டி ‘கேட்டதா?’ என்கிறார்கள். எல்லாரும் எதிர்பார்ப்போடு பார்ப்பதைக் கண்ட பிள்ளை தலையாட்டுகிறது. ஊருக்குச் சாட்சி போகிறது. மறுநாள் காலை பிள்ளைக்குக் கேட்பதில்லை, தன் விசுவாசம்தான் குறைவு என்று எண்ணிக்கொள்கிறது. விசுவாசத்தின் அடையாளம் என்று கருவியைக் கழற்றச் சொல்வது இன்னும் மோசம். காதுகேளாதோரில் பலர் தங்களை நோயாளிகளாக நினைப்பதில்லை; தங்களுக்கென்று மொழியும் சமூகமும் உள்ளவர்களாகவே நினைக்கிறார்கள். செவிடனை உண்டாக்கினது நான் அல்லவா என்று யாத்திராகமம் 4-ல் கர்த்தரே கேட்கிறார். பிள்ளை தானாகக் கேட்டால், அவன் மொழியில், தனியே, காய்ச்சலுக்கும் தேர்வுக்கும் ஜெபிப்பது போல ஜெபியுங்கள். முகாம் விதிகளில் இதை எழுத்தில் வையுங்கள்.

‘விசுவாசம் கேள்வியினால் வரும்’ என்று ரோமர் 10-ல் இருக்கிறதே, காதுகேளாதவர்களுக்கு எப்படி வரும் என்று எங்கள் சபையில் ஒருவர் கேட்டார்.

கேள்விப்பட்டதெல்லாம் காதால் மட்டும் பட்டதா? பவுல் பேசுவது செய்தி வந்து சேருவதைப் பற்றி. அது கை வழியாகப் புறப்பட்டுக் கண் வழியாகச் சேரும்.

கடைசி நாள் நிகழ்ச்சிநிரலில் வழியனுப்ப 15 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். சரியா?

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சைகையில் பேச ஆளில்லாத வீடுகளுக்குத் திரும்புகிற பிள்ளைகள் அவ்வளவு எளிதில் விடைபெற மாட்டார்கள். மாலைப் பயணம் என்றால் பேருந்தின் உள்விளக்கை எரியவிடச் சொல்லுங்கள். கதவை மூடிய பிறகும் சன்னல் வழியே பேச்சு நடந்துகொண்டிருக்கும். கண்ணாடி அவர்களுக்கு ஒரு தடையே இல்லை.